முப்பத்தொரு போத்தலும் ஒரு பால்மா ரின்னும்

உலகத்தில் உள்ள உப்புகளில் பெரும்பாலானவை வெள்ளை. இரசாயனவியல் படித்தவர்களுக்கு இது சின்னத் தொந்தரவு. அரசாங்கப் படிவம் நிரப்புகிறவர்களுக்குப் பெரிய தொந்தரவு. நான் இரண்டு வேலையும் பார்த்தவள். இருபது வருடம் இரசாயனவியல் படிப்பித்தேன். பிறகு வலயக் கல்வி அலுவலகத்தில் விஞ்ஞான பாடத்துக்குப் பொறுப்பான அதிகாரியாக, ஓய்வு பெறும்வரை ஒரே மேசையில் இருந்தேன். எந்தப் படிவத்தை எத்தனை பிரதியில் நிரப்ப வேண்டும், எங்கே சிவப்பு மை, எந்தக் கடிதத்தில் எந்த இலக்கத்தை மேலே போட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இப்போதும் யாராவது கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

இந்த அறிவால் நான் ஒருமுறை ஒரு மனிதரை உள்ளே தள்ளிவிட்டேன். அவரை வெளியே கொண்டுவந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உள்ளே தள்ளிய கதையை முதலில் சொல்லாவிட்டால் அது பெருமையடித்துக்கொள்வதாகிவிடும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மணல் துண்டில் ஒரு பாடசாலை இருந்தது. நான் முன்பு அங்கேதான் படிப்பித்தேன். ஆய்வுகூட அலுமாரியில் இருந்த போத்தல்களுக்கு லேபல் எழுதி ஒட்டியதும் நான்தான். லேபலின் மேல் உருக்கிய மெழுகு பூச வேண்டும், அப்போதுதான் ஈரம் பட்டாலும் எழுத்து அழியாது என்று ஒரு விதி உண்டு. மெழுகுதிரி வாங்க அனுமதி கேட்டு எழுதினேன். பாடசாலைக்கு மின்சாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது, மெழுகுதிரி எதற்கு என்று பதில் வந்தது. மின்சாரம் கடைசியாக வந்து ஏழு மாதமாகிறது என்று திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் வருமுன் எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

சுனாமி அந்த ஆய்வுகூடத்தின் ஒரு பக்கத்துச் சன்னலால் உள்ளே போய் மறுபக்கத்துச் சன்னலால் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை வேறு. பிள்ளைகள் பாடசாலையில் இருக்கவில்லை. வீட்டில் இருந்தார்கள். வீடுகள் பாடசாலையைவிடக் கடலுக்குக் கிட்ட இருந்தன. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

அந்தப் பாடசாலையின் ஆய்வுகூட உதவியாளர் வாவிக்கு அக்கரையில், மண்டூர்ப் பக்கத்தவர். நெல் விதைக்கிற குடும்பம். கடல் அவருடைய வீட்டைத் தொடவில்லை. அதனாலேயே பத்து நாள் மற்றவர்களுடைய பிணங்களோடு நின்றார். பதினோராவது நாள், யாரும் சொல்லாமலே, ஆய்வுகூடத்துக்குள் போய்ச் சேற்றைக் கிளறிப் போத்தல்களை எடுக்கத் தொடங்கினார். சேறு பிடித்த போத்தலைக் கழுவாமல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. தும்பும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தார். கடல் விட்டுவைத்திருந்த என் எழுத்தையும் தேய்த்து முடித்தார்.

அதோடு நிற்கவில்லை. நனைந்ததைக் காயப்போட வேண்டும் என்பது வயல்காரருக்கு இரத்தத்தில் ஊறிய விடயம். ஒவ்வொரு போத்தலில் இருந்த தூளையும் பழைய வினாத்தாள்களின் மேல் தனித்தனியாகப் பரப்பி, நெல் காயவைப்பதுபோல் வெயிலில் காயவைத்து, காகம் விரட்டி, பொழுதுசாய அந்தந்தப் போத்தலுக்குள் திரும்ப அள்ளிப் போட்டிருக்கிறார். நிறமானவற்றில் சிக்கல் இல்லை. நீலத்துத்தத்தை யாரும் வேறொன்றாக நினைக்க முடியாது. வெள்ளையாக மட்டும் முப்பத்தொரு போத்தல் மிஞ்சியது. சுத்தமான போத்தல்கள். ஒன்றிலும் பெயர் இல்லை.

இரசாயனவியல் ஆசிரியை மாற்றம் எடுத்துக்கொண்டு கொழும்புப் பக்கம் போய்விட்டார். உதவியாளர் முறைப்படி பொருள்களைப் பதிவிலிருந்து நீக்கும் படிவத்தை நிரப்பி அனுப்பினார். அது என் மேசைக்கு வந்தது. பொருளின் பெயர் என்ற இடத்தில் ‘வெள்ளைத் தூள்’ என்றும் எண்ணிக்கை என்ற இடத்தில் ‘31’ என்றும் இருந்தது. ‘பொருளின் சரியான பெயரைக் குறிப்பிடவும்’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை மூன்று பக்கம் வந்தது. ‘வெள்ளைத் தூள் (மினுங்கும்). வெள்ளைத் தூள் (மினுங்காது). வெள்ளைத் தூள் (சீனி போல, சீனி அல்ல).’ சீனி அல்ல என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை நினைத்து நான் பயந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிச் சிரித்தேன். பிறகு திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை முப்பத்தொரு வரியிலும் ‘தெரியாது’ என்று எழுதியிருந்தார். தெரியாது என்ற பொருள் பதிவேட்டில் இல்லை என்று குறிப்பு எழுதி அதையும் அனுப்பிவைத்தேன்.

பஸ் ஏறினால் இருபது நிமிடம். நானே போய்ப் பார்த்திருக்கலாம். வெளிக்களம் போவதற்கு வேறொரு படிவம் இருந்தது, அதை நிரப்ப எனக்கு நேரம் இருக்கவில்லை. இப்படியே நான்கு வருடம் போனது.

யுத்தத்தின் கடைசி மாதங்கள் வந்தன. சண்டை வடக்கில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சண்டை ஓய்ந்திருந்தாலும் சோதனைச் சாவடிகளுக்கு அது தெரியாது. பற்றரி வாங்கினாலும் பசளை வாங்கினாலும் ஏன் என்று சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உதவியாளரைச் சாவியோடு வரவழைத்து, பாடசாலையைச் சுற்றிவளைத்துத் தேடினார்கள். பெயரில்லாத முப்பத்தொரு போத்தல் வெள்ளைத் தூள் அகப்பட்டது. அதிபர் அறையின் உயரத் தட்டில் கடலுக்குத் தப்பிய பழைய பதிவேடும் அகப்பட்டது. அதில் ஒரு வரி: பொற்றாசியம் நைத்திரேற்று, ஒரு போத்தல். பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று அதற்குக் கீழே ‘வெடியுப்பு’ என்று வழக்குப் பெயரையும் எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. இது எங்கே என்று உதவியாளரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் நான்கு வருடமாக எனக்கு எழுதிய பதிலையே அவர்களுக்கும் சொன்னார்.

“தெரியாது.”

ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை நான் அலுவலகம் போனபோது அவருடைய மனைவி வாசலில் நின்றார். முதல் பாதையிலேயே வந்திருக்கிறார். வாவியைக் கடக்க ஆளையும் சைக்கிளையும் ஏற்றுகிற தெப்பத்தை நாங்கள் பாதை என்போம். கையில் சோற்றுப் பொதி இருந்தது, முகாமுக்குக் கொண்டுபோக.

“மிஸ், அந்தாளு என்ன செஞ்சாரு?”

“ஒண்டும் செய்யல்ல.”

“அப்ப ஏன் புடிச்சிரிக்காங்க?”

“போத்தல்ல பேர் இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். “பேர் இல்லாத சாமானுக்கு ஆளப் புடிப்பாங்களா மிஸ்? எங்கட வீட்டில ஒரு போத்தல்லயும் பேர் இல்லயே.”

அன்று காலை எனக்குத் தெரிந்த எல்லாப் படிவங்களையும் மனதில் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் உதவாது என்று தெரிந்தது. ஆட்டோ பிடித்து இருவரும் முகாமுக்குப் போனோம்.

பொறுப்பாக இருந்த அதிகாரிக்கு முப்பது வயது இருக்கும். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம், மிச்சத்துக்கு ஆங்கிலம். மரியாதையாகப் பேசினார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“மெடம், உங்கள் பதிவேட்டில் வெள்ளையான பொருள் முப்பத்துநான்கு. இங்கே முப்பத்தொன்று.”

“மூன்று கடலில் போயிருக்கும்.”

“இந்த மாவட்டத்தில் நான் எதைத் தேடினாலும் கடலில் போய்விட்டது என்றுதான் சொல்கிறார்கள்.” அவர் பதிவேட்டில் அந்த வரியைப் பேனையால் தொட்டார். “மற்ற எதுவும் எனக்கு வேண்டாம். இது ஒன்றைக் காட்டுங்கள். காட்டினால் ஆளை விடுகிறேன். வெள்ளிக்கிழமை கோப்பு கொழும்புக்குப் போகிறது.”

“ஆள்?”

“ஆளும்தான்.”

அன்று திங்கட்கிழமை. கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் இருந்திருக்க முடியாது. கோப்பு என்றாவது திரும்பி வரும். ஆள் விடயத்தில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு விதி இருக்கவில்லை.

முப்பத்தொரு போத்தலையும் ஆய்வுகூடத்திலேயே வைத்துச் சோதித்துப் பார்க்க அனுமதி தந்தார். செவ்வாய்க்கிழமை காலை, சுனாமிக்குப் பிறகு முதன்முறையாக, அந்த அறைக்குள் போனேன். சுவரில் என் தோளுயரத்துக்கு மேலே தண்ணீர் நின்ற கோடு இருந்தது. அதற்கும் மேலே, பிரம்புச் சட்டத்தில், நான் பதினைந்து வருடத்துக்கு முன் எழுதி மாட்டிய அறிவித்தல் அப்படியே தொங்கியது. ‘ஒரு போத்தலில் உள்ளதை இன்னொன்றோடு கலப்பவர் இங்கே வேலை செய்ய முடியாது.’ கடல் எதை அழிக்க வேண்டும் எதை விட வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

பெயர் போன உப்பைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் மந்திரமல்ல. உப்பு என்பது இரண்டு பகுதி சேர்ந்த சேர்வை. ஒரு பக்கம் சோடியம், பொற்றாசியம், கல்சியம் போல ஏதாவது ஓர் உலோகம். மறுபக்கம் குளோரைட்டோ, சல்பேற்றோ, நைத்திரேற்றோ. சேரும்போது இரண்டும் தங்கள் பழைய குணத்தை விட்டுவிடும். சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும். குளோரின் வாயு நெஞ்சை அரித்துவிடும். இரண்டும் சேர்ந்ததை நாங்கள் சொதிக்குப் போடுகிறோம். ஆனால் நெருப்பில் பிடித்தால் உலோகம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சோடியம் யாரோடு சேர்ந்திருந்தாலும் சுவாலையில் மஞ்சள்தான். கல்சியம் செங்கட்டிச் சிவப்பு. பொற்றாசியம் மெல்லிய கத்தரிப்பூ நிறம். என் லேபலைத் தும்பால் தேய்த்து அழிக்கலாம். இதை அழிக்க முடியாது.

உலோகம் தெரிந்தபின் மறுபக்கத்துக்கு வேறு சோதனைகள். வேறொரு பாடசாலையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இரவல் வாங்கினேன். கரைத்த உப்பில் ஒரு துளி விட்டால், குளோரைட்டாக இருந்தால் தயிர்போல வெள்ளையாகத் திரையும். வீட்டு ஒற்றைக் கேஸ் அடுப்பையும் கொண்டுபோனேன். வெடிபொருள் இல்லை என்று நிரூபிக்க ஒரு கேஸ் சிலிண்டரோடு மூன்று சோதனைச் சாவடி தாண்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

புதன்கிழமை பின்னேரத்துக்குள் முப்பத்தொரு போத்தலுக்கும் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன். இந்த முறை மெழுகும் பூசினேன். இரண்டு போத்தல் கத்தரிப்பூ நிறம் காட்டின. முதலாவதைத் தண்ணீரில் கரைத்தேன். வெள்ளி நைத்திரேற்று விட்டேன், தயிர்போலத் திரைந்தது. பொற்றாசியம் குளோரைட்டு. இரண்டாவது மஞ்சளாகத் திரைந்தது. அயடைட்டு. முப்பத்தொன்றிலும் நைத்திரேற்று ஒன்றுகூட இல்லை.

பதிவேட்டோடு ஒப்பிட்டபோது இல்லாத மூன்றும் தெரிந்தன. சோக்குத் தூள், கறியுப்பு, வெடியுப்பு. அலுமாரியின் அடித்தட்டில் அடுத்தடுத்து நான் வைத்தவை. மூன்றும் உடைந்திருக்க வேண்டும்.

முகாமுக்குச் சோறு கொடுத்துவிட்டு உதவியாளரின் மனைவி பாடசாலைக்கு வந்தார். என் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தன.

“கைக்கு என்ன மிஸ்?”

“மருந்து பட்டது. கழுவினாப் போகாது. தோல் உரிஞ்சாத்தான் போகும்.”

“கிடைச்சிச்சா?”

“இல்ல.”

அவர் பிள்ளைகள் இருக்கிற வாங்கில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். “ரின்னையும் பாத்தீங்களா?”

“எந்த ரின்?”

“சொன்னா அந்தாள ஏசக் கூடாது.”

“சொல்லுங்க.”

“உடைஞ்ச போத்தல்ல மிஞ்சினத அந்தாளு ஒரு பால்மா ரின்னுக்குள்ள போட்டாரு. எல்லாம் வெள்ளதானே எண்டு ஒண்டாப் போட்டுட்டாரு. மறுகா, போட்டு முடிஞ்ச பிறகுதான் அதப் பாத்தாராம்.” சுவரில் தொங்கிய என் அறிவித்தலை நாடியால் காட்டினார்.

“ஆமி கேட்டப்பவும் சொல்லல்லயா?”

“ஆமிக்குச் சொன்னா உங்களுக்குத் தெரிய வருமே.”

“ஆமிக்குப் பயமில்லையா அவருக்கு?”

“பயந்தான் மிஸ். ஆனா உங்களுக்கு முதல்லயிருந்தே பயம். மூண்டு தரம் படிவத்தத் திருப்பி அனுப்பினீங்க. இதும் தெரிஞ்சா வேலையே போயிரும் எண்டாரு. நேத்தும் முகாம்ல பாத்தப்பக் கேட்டன். மிஸ்ஸுக்குச் சொல்லிராத எண்டுதான் செல்லிரிக்காரு.”

நான் என் மேசையில் இருந்துகொண்டு சிவப்பு மையில் எழுதியதெல்லாம் வாவியைத் தாண்டி இன்னொரு வீட்டில் எப்படி வாசிக்கப்பட்டது என்று அன்றுதான் தெரிந்தது.

“இப்ப ரின் எங்க?”

“கதவுக்கு முட்டாக் குடுத்திரிக்கெண்டு சொன்னாரு.”

திரும்பிப் பார்த்தேன். காற்றுக்குக் கதவு அடிக்காமல், கன்றோடு நிற்கும் பசுவின் படம் போட்ட ஒரு துருப்பிடித்த தகர ரின் முட்டுக் கொடுத்திருந்தது. இரண்டு நாளாக நான் அதைக் காலால் தள்ளித்தான் உள்ளே வந்துபோனேன். தேடி வந்தவர்களும் அப்படித்தான் தள்ளியிருப்பார்கள்.

உள்ளே கல்லாய் இறுகிய ஒரு கட்டி. மேலே மணல், ஒரு சின்னச் சிப்பி. அதைப் பார்த்து எனக்கு வந்தது சந்தோசம்தான், ஆனால் முழுதாக வரவில்லை. அதில் கடலும் கலந்திருந்தது. சுவாலையில் பிடித்தேன். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். கறியுப்பின் மஞ்சள் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அதிகாரிக்கு இதைக் காட்டினால், மெடம் இது உப்பு என்பார். அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒரு நிம்மதி இருந்தது. இவர் செய்தது கலவை. சேர்வை அல்ல. சேர்வை என்றால் சேர்ந்தவை குணம் மாறிப் புதிதாக ஒன்றாகிவிடும், இலேசில் பிரியாது. கலவையில் ஒவ்வொன்றும் தன் குணத்தோடுதான் பக்கத்தில் கிடக்கும். சோக்குத் தூள் தண்ணீரில் கரையாது, வடித்து எடுத்துவிடலாம். கறியுப்பு சுடுதண்ணீரிலும் குளிர்தண்ணீரிலும் ஏறத்தாழ ஒரே அளவு கரையும். வெடியுப்பு அப்படியல்ல. கொதிநீரில் அள்ளி அள்ளிக் கரையும், குளிர்ந்தால் தாங்காமல் வெளியே வந்துவிடும். கரைசலுக்குள் யாரும் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாம் தனித்தனியாக அலையும். குளிர் வரும்போது பொற்றாசியமும் நைத்திரேற்றும் முதலில் ஒன்றையொன்று தேடிப் பிடித்துப் பளிங்காகும். பத்தாம் வகுப்புக்கு இதைப் படிப்பித்திருக்கிறேன். ஒரு பிள்ளையும் கேள்வி கேட்டதில்லை.

குளிருக்கு ஐஸ் வேண்டும். மஞ்சளை மறைத்துக் கத்தரிப்பூவை மட்டும் விடுகிற நீலக் கண்ணாடித் துண்டும் வேண்டும். ஆய்வுகூடத்தில் இருந்ததைக் கடல் கொண்டுபோய்விட்டது. அப்படிப்பட்ட கடும் நீலம் எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. பழைய வயிற்றுப்புண் மருந்துப் போத்தல். என் கணவர் அதில் தண்ணீர் விட்டு மணிபிளான்ற் வளர்த்துச் சன்னலில் வைத்திருந்தார்.

“அதுக்கு வேர் விட்டிருக்கு,” என்றார்.

“ரம்ளருக்கு மாத்துங்க.”

“ஓய்வுக்கு ஒரு வருசம் இருக்கு. இப்ப போய் ஆமிக்காரனுக்கு வெடியுப்புக் காட்டப் போறியா?”

“காட்டாட்டிக் கொழும்புக்குக் கொண்டுபோறாங்கள்.”

அவர் செடியை எடுத்து ரம்ளரில் வைத்தார். போத்தலை உட்புறம் கழுவி, துடைத்து, செய்தித்தாளில் சுற்றித் தந்தார்.

ஐஸ் வாங்க வியாழக்கிழமை காலை சந்தைக்குப் போனேன். எனக்கு மீன் தருகிற காத்தான்குடி வியாபாரி பெட்டியைத் திறந்தார்.

“பாரக்குட்டி இரிக்கி மிஸ். நல்ல மீன்.”

“மீன் வேணாம். ஐஸ் மட்டும்.”

“ஐஸ வெச்சி என்னத்த ஆக்கப் போறீங்க?”

“உப்பு.”

அவர் இரண்டு பங்கு ஐஸைப் பையில் போட்டுக் கட்டினார். மேலே வேறெதுவும் கேட்கவில்லை. அந்த வருடத்தில் கேள்வி கேட்காமலிருப்பது எல்லோருக்கும் பழகியிருந்தது.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். உதவியாளரையும் ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள். நான்கு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த ரின்னைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலைகுனிந்தது என் முன்னால்தான், அங்கே துவக்கோடு நின்றவர்கள் முன்னால் அல்ல என்பது அந்த அறையில் எனக்கும் அவருடைய மனைவிக்கும் மட்டும் தெரிந்திருக்கும்.

கட்டியை உடைத்துக் கொஞ்சத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தேன். சுடச்சுட வடிதாளில் வடித்தேன். சோக்கும் மணலும் மேலே நின்றுவிட்டன. கீழே முகவையில் தெளிந்த நீர் இறங்கியது. அதை மீன் மணக்கிற ஐஸுக்குள் வைத்தேன். அதிகாரி இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

“வெடிக்காது,” என்றேன்.

“தெரியும்,” என்றார். திரும்பி முன்னால் வரவில்லை.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரைக் கூடுதலாக விட்டுவிட்டேனா, கடல் எல்லாவற்றையும் ஏற்கனவே கரைத்துக் கொண்டுபோய்விட்டதா? இந்த ஐந்து நிமிடத்துக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் வழி சொல்லியிருக்கவில்லை. உதவியாளரின் மனைவி வாசலில் நின்று முகவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், ஊசி!” என்றார்.

முகவையின் அடியில் மெல்லிய ஊசிபோல ஒன்று. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி, அடியிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை ஊசிகள் எழுந்து வந்தன. கறியுப்பு என்றால் சின்னச் சின்னப் பெட்டியாக வரும். இப்படி ஊசியாக வருவது நான் தேடியதுதான்.

வடித்து, ஐஸ் தண்ணீரால் கழுவி, கம்பியில் தொட்டு நெருப்பில் பிடித்தேன். இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. நீலப் போத்தலை அதிகாரியிடம் கொடுத்து, இதற்குள்ளால் பாருங்கள் என்றேன். துவக்கை மேசையில் சாய்த்துவிட்டு, பிள்ளைகள் மாபிள் குண்டைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதுபோல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“ஊதா,” என்றார் சிங்களத்தில்.

“பொற்றாசியம்,” என்றேன்.

மிச்சத்தைச் சோதனைக் குழாயில் போட்டு உருகிக் குமிழி வரும்வரை சூடாக்கினேன். தென்னை ஈர்க்கில் நெருப்பு வைத்து அணைத்து, நுனி கனலாக இருக்கும்போது குழாயின் வாயில் பிடித்தேன். ஈர்க்கு குப்பென்று திரும்பப் பற்றிக்கொண்டது. நைத்திரேற்று சூட்டில் ஒட்சிசனை விடும், அணைந்த கனலை அது எழுப்பிவிடும். இது ஒன்றுதான் அன்று கொஞ்சம் நாடகமாக இருந்தது. சிப்பாய்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அதிகாரி ஊசிகளைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். “ஒரு போத்தல் என்று இருக்கிறது. இது ஒரு பிடிதான்.”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். கேட்காவிட்டால் நான் அவரை மதித்திருக்க மாட்டேன். ஒரு சிட்டிகை ஊசியை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுக் கலக்கிக் காட்டினேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

“போத்தல் உடைந்தபின் கடல் எத்தனை மணிநேரம் உள்ளே நின்றது?” என்று கேட்டேன்.

அவர் சுவரில் இருந்த தண்ணீர்க் கோட்டைப் பார்த்தார். அவருடைய சொந்த ஊர் எது என்று நான் கேட்கவில்லை. தெற்குக் கரையில் எங்கோ இருக்கலாம்.

“உயர்தரத்தில் இரசாயனவியலில் எனக்குத் தட்டுத்தடுமாறி எடுத்த எஸ் பாஸ்தான், மெடம்,” என்றார் கடைசியில். பிறகு தன் கோப்பைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். எட்டிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பொருளின் பெயர், கண்டுபிடிக்கப்பட்டதா, இனங்கண்டவரின் கையொப்பம், பதவி. அவ்வளவுதான். அளவு என்று ஓர் இடமே அதில் இருக்கவில்லை. என் வாழ்நாளில் நான் பார்த்த மிக மோசமாகத் தயாரிக்கப்பட்ட படிவம் அது. அதைத் தயாரித்தவரை எங்கே கண்டாலும் கும்பிடுவேன்.

ஆம் என்று எழுதினார். கறுத்த விரலால் கையொப்பமிட்டேன். ஊசிகளைக் கடித உறையில் போட்டு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள்.

ஆளை அங்கேயே விடவில்லை, முகாமுக்குக் கொண்டுபோய்ப் பதிந்துதான் விட வேண்டும் என்றார்கள். அது நியாயமான நடைமுறை என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், முகாம் வாசலில் இரண்டரை மணிநேரம் நின்றபோது நடைமுறையைக் கண்டுபிடித்த எல்லோரையும் மனதுக்குள் திட்டினேன். அவருடைய மனைவியும் என்னோடு நின்றார். மூன்று மணிக்குக் கொஞ்சம் பின்னால் உதவியாளர் வெளியே வந்தார். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“மிஸ், ரின்னுல கலந்தது என்ட பிழதான்.”

“கலந்ததப் பிரிக்கலாம்,” என்றேன். “பிரிச்சாச்சு. பிழை என்னில. நான் வந்து பாத்திருக்கோணும்.”

அவர் திகைத்துப் போனார். நான் பிழை ஒப்புக்கொள்வதை அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நானே கேட்டதில்லை.

“ரெண்டு பேரும் மறுகாக் கதைங்க,” என்றார் மனைவி. அதுவரை அடக்கியிருந்த அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “ஏறுங்க ஆட்டோல. நாலு நாளா நான் கொண்டுபோன சோத்த எத்தின பேர் திண்டானுகளோ! ஒரு வாய் செல்லியிருந்தா முதல் நாளே விட்டிருப்பான். ரின்னாம், ரின்னு!”

அவர் ஏறினார். ஆட்டோ திரும்பும்வரை மனைவியின் ஏச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மாதத்தில் என் காதில் விழுந்த மிக இனிமையான சத்தம் அதுதான்.

பொருள்களைப் பதிவிலிருந்து நீக்கும் படிவத்தை நானே நிரப்பினேன், மூன்று பிரதியில். மேலிடத்துக்குப் போய்த் திரும்பி வர வைகாசியாகிவிட்டது. அதை வாங்கிப் போக உதவியாளர் என் அலுவலகத்துக்கு வந்த அன்றுதான் யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். சந்தியில் வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். கட்டுக்கட்டாகக் கொளுத்தினார்கள். கொளுத்த நினைத்தவர்கள் கொளுத்தினார்கள், மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வடக்கில் இருந்த தங்கள் ஆட்களை நினைத்தார்கள். நான் எழுந்து சன்னலைச் சாத்தினேன். புகை அதற்குள் உள்ளே வந்துவிட்டது.

அவர் மூக்கை உறிஞ்சினார். “மிஸ், இது...”

“ஓம்,” என்றேன். “அதுதான்.”

“இவ்வளவுக்கும் படிவம் இரிக்குமா?”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. அதற்குமேல் அன்று சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. படிவத்தின் மூன்றாவது பிரதியைக் கையில் கொடுத்தேன். என் விரலில் கறை எப்போதோ உரிந்து போயிருந்தது.

“றோட்டில என்னெண்டு தெரியாது. நேரத்தோட போங்க. வாவியில பாதை நிண்டிரும்.”

“ஓம் மிஸ். வாறன்.”

ஐந்தரை மணிக்கு அவருடைய மனைவியிடமிருந்து போன் வந்தது. ஆள் அக்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டார்.